பெயர் எந்த இடத்தில் விடுபட்டது? வரலாறு கவனிக்காமல் போன முன்னோடிப் பெண்கள்

தொடுவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மறக்கப்பட்ட பெண்கள் என்று தேடினால் படமும் இரண்டு வரியுமாக எத்தனையோ பட்டியல்கள் வந்து விழுகின்றன. எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன: உலகம் இவரை மறந்துவிட்டது. சரி, எப்படி மறந்தது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கட்டுரையில் யார் கையெழுத்துப் போட்டார், மேடையில் யார் வாசித்தார், சம்பளப் பட்டியலில் என்ன வேலை என்று எழுதியிருந்தது, அடுத்து வந்தவர் யாரை மேற்கோள் காட்டினார் என்பது போன்ற சின்னச் சின்ன இடங்களில்தான் பெயர் நழுவுகிறது. அதனால் இந்த இழையில் ஒருவரைப் பற்றி எழுதினால், அவர் பெயர் எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில் விடுபட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். ஹென்ரியட்டா லெவிட். ஹார்வர்ட் வானாய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் பதிவான நட்சத்திரங்களின் ஒளியை அளக்கும் வேலை. சம்பளம் மணிக்கு 30 சென்ட். 1908 இல் மெகல்லன் மேகங்கள் என்ற விண்மீன் மண்டலங்களில் ஒளி கூடிக் குறையும் 1,777 நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். அதிலேயே பிரகாசமானவற்றுக்குத் துடிப்புக் காலம் (ஒருமுறை ஒளி கூடிக் குறைய ஆகும் நேரம்) அதிகம் என்று குறிப்பிட்டிருக்கிறார். 1912 இல் சிறிய மெகல்லன் மேகத்தின் 25 நட்சத்திரங்களை வைத்து அதை ஒரு விதியாகவே நிறுவினார். துடிப்புக் காலம் தெரிந்தால் உண்மையான ஒளி தெரியும், உண்மையான ஒளி தெரிந்தால் தூரம் தெரியும். ஆண்ட்ரொமீடா விண்மீன் மண்டலம் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று வானியலாளர் ஹபிள் காட்டியது இந்த அளவுகோலை வைத்துத்தான்.

அந்த 1912 சுற்றறிக்கையின் அடியில் இருக்கும் கையெழுத்து இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்குடையது. 'இதைத் தயாரித்தவர் மிஸ் லெவிட்' என்று முதல் வரியிலேயே அவர் சொல்லியிருக்கிறார், அதை மறைக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்ததை மேலே கொண்டுபோகும் வாய்ப்பு லெவிட்டுக்குத் தரப்படவில்லை. ஆய்வகத்துக்குத் தேவைப்பட்ட வேறு ஒளி அளவீட்டு வேலையில் அவரைப் போட்டார்கள். மறு வருடமே அந்த விதியை வைத்து முதன்முதலில் தூரம் கணக்கிட்டவர் டென்மார்க் வானியலாளர் ஹெர்ட்ஸ்பிரங். 1925 இல் லெவிட்டை நோபலுக்குப் பரிந்துரைக்க நினைத்து ஸ்வீடனிலிருந்து கடிதம் எழுதினார் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர். லெவிட் 1921 இலேயே இறந்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. அளந்தது ஒருவர், ஆராய்ந்தது இன்னொருவர் என்று வேலையைப் பிரித்த இடத்திலேயே அவர் பெயர் பின்னுக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. என் பங்குக்கு அமெரிக்கரான யூனிஸ் ஃபூட்.

இவருடைய சோதனையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது அவ்வளவு எளிமையானது. 4 அங்குல விட்டமும் 30 அங்குல நீளமும் கொண்ட இரண்டு கண்ணாடி உருளைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வெப்பமானிகள். காற்றை உறிஞ்சியெடுக்க ஒரு பம்பு. ஒன்றில் காற்றைக் குறைத்து மற்றதில் அடர்த்தியாக்கி வெயிலில் வைத்தார், அப்புறம் ஈரக்காற்றையும் உலர்ந்த காற்றையும் ஒப்பிட்டார், கடைசியாகக் கரியமில வாயுவை நிரப்பினார். சாதாரணக் காற்று இருந்த உருளை 106 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டபோது கரியமில வாயு இருந்தது 125 வரை ஏறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆறப் பல மடங்கு நேரம் பிடித்தது. இந்த வாயு நிறைந்த வளிமண்டலம் பூமிக்கு அதிக வெப்பத்தைத் தரும் என்று எழுதினார். ஆண்டு 1856.

இனி தாள்களுக்கு வருவோம். அந்த ஆகஸ்டில் ஆல்பனியில் நடந்த அமெரிக்க அறிவியல் சங்கக் கூட்டத்தில் கட்டுரையை வாசித்தவர் அவரல்ல, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜோசஃப் ஹென்றி. சங்கத்தின் ஆண்டு நடவடிக்கைத் தொகுப்பில் கட்டுரை சேர்க்கப்படவில்லை. நவம்பரில் வேறொரு அறிவியல் இதழில் அவர் பெயரிலேயே இரண்டு பக்கத்துக்கு வந்தது. 1859 இல் இயற்பியலாளர் ஜான் டிண்டல், வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சுவது பற்றிய தன் சோதனைகளைத் தொடங்கினார். பருவநிலை அறிவியலின் தொடக்கம் என்று பாடநூல்கள் எழுதியது டிண்டலை. ஃபூட்டின் கட்டுரை 2011 வாக்கில்தான் மறுபடி கவனத்துக்கு வந்தது. அதைக் கண்டெடுத்தவர் ஓய்வுபெற்ற பெட்ரோலிய நிலவியலாளர் ஒருவர், பழைய ஆண்டு மலர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது.

1848 இல் செனிகா ஃபால்ஸ் பெண்ணுரிமைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. தன் பெயர் ஒரு தாளில் இருப்பதன் அருமை தெரிந்தவர் அவர்.

எண்கோணம் எழுதியது:

கணிதவியலாளர் எம்மி நோதர். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம், 1916-17 பருவத்தின் பாட அறிவிப்பு: கணித இயற்பியல் கருத்தரங்கு, பேராசிரியர் ஹில்பர்ட், உதவி முனைவர் நோதர், திங்கள்கிழமை 4 முதல் 6 வரை, கட்டணம் இல்லை. பாடம் நடத்தியவர் நோதர். சம்பளமும் கிடையாது. சமச்சீர்மையையும் ஆற்றல் போன்றவற்றின் அழிவின்மை விதிகளையும் இணைக்கும் தேற்றத்தை 1918 இல் அவர் வெளியிட்டபோது பல்கலைக்கழகத்தில் சொந்தமாகப் பாடம் நடத்தும் உரிமைகூட அவருக்கு இல்லை. அது 1919 இல்தான் வந்தது.

கருந்துளை எழுதியது:

இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன், ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தலைப்பில் மிகைப்படுத்தல் ரொம்ப அதிகம். அது அந்தப் பெண்களுக்கே கெடுதல்.

நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்லும் 1942 இல் வாங்கிய காப்புரிமை, டார்பிடோவை இயக்கும் ரேடியோ சமிக்ஞையை எதிரி இடைமறிக்காதபடி அலைவரிசை மாற்றி மாற்றி அனுப்பும் முறைக்கு. தானியங்கிப் பியானோவில் ஓடும் துளையிட்ட காகிதச் சுருளைப் போலவே இதற்கும் ஒரு சுருள், 88 அலைவரிசைகள். அருமையான சிந்தனை. அதைச் சொன்னாலே போதும். வைஃபை என்றதும், விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்து மறுப்பார், அதோடு உண்மையான காப்புரிமையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

சார்பியல் கோட்பாட்டை ஐன்ஸ்டைனின் முதல் மனைவி மிலேவா மாரிச்தான் எழுதினார் என்பதும் இந்த வகை. அதற்கு ஆதாரம் இல்லை.

அப்புறம் ஏட்டுச்சுவடி அவர்களே, ஃபூட்டின் சோதனையில் சூரிய ஒளியையும் பூமியிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. கண்ணாடியே அகச்சிவப்பைத் தடுக்கும். அதைத் தனியாக அளந்தவர் டிண்டல்தான். இதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

சரியான குறிப்பு, அதை எழுதுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. டிண்டலின் கருவி நுட்பமானது, பசுமை இல்ல விளைவின் இயக்கத்தைக் காட்டியது அவருடைய சோதனைதான். ஃபூட் காட்டியது வேறு: கரியமில வாயு மற்ற காற்றைவிட அதிகம் சூடாகும், அது கூடினால் பூமி சூடாகும். அந்த இணைப்பை அச்சில் முதலில் வைத்தவர் அவர். இரண்டையும் இரண்டு தனி வரிகளாக எழுதலாம், யாரையும் தள்ளிவிட்டு யாரையும் உட்கார வைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் கட்டத்தைக் கச்சாவாகச் செய்த ஆண்களின் பெயர்கள் பாடநூல்களில் எத்தனை இருக்கின்றன! அவர்களிடம் நாம் இந்தக் கறாரை வைப்பதில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

நான் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். அதனால் பிரெஞ்சு மருத்துவர் மார்த் கோத்தியேவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு 46 க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருக்கும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மனிதத் திசுவை உடலுக்கு வெளியே வளர்க்க வேண்டும், செல் பிரியும் கட்டத்தில் பிடிக்க வேண்டும், குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் கண்ணாடியில் விரிக்க வேண்டும். 1950களின் பாரீசில் இந்த வேலை தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். கோத்தியே அதை அமெரிக்காவில் கற்றுக்கொண்டு வந்தவர். ட்ரூசோ மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது பழைய உபகரணங்கள் இருந்த ஓர் அறை. கண்ணாடிச் சாமான்கள் வாங்கச் சொந்தமாகக் கடன் வாங்கினார். வளர்ப்பு ஊடகத்துக்கு வேண்டியதை விலைக்கு வாங்க வழியில்லாமல் ஒரு சேவலை வளர்த்து அதன் ரத்தத்தைப் பயன்படுத்தினார். மனிதச் சீரத்துக்குத் தன் கையிலிருந்தே ரத்தம் எடுத்தார். இன்று இதெல்லாம் புட்டியில் வருகிறது. ஊடகம் ஒரு நாள் கெட்டுப்போனாலே எங்களுக்கு ஒரு வார வேலை போய்விடும். சேவலை வைத்துக்கொண்டு அந்தத் தரத்தில் வளர்ப்பு எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

1958 இல் 47 ஐப் பார்த்துவிட்டார். ஆனால் படம் எடுக்க அவரிடம் புகைப்பட வசதியுள்ள நுண்ணோக்கி இல்லை. அதே துறையில் இருந்த ஜெரோம் லெஜென் ஸ்லைடுகளைப் படம் எடுக்கக் கொண்டுபோனார். 1959 ஜனவரியில் கட்டுரை வந்தது. முதல் பெயர் லெஜென். இரண்டாவது கோத்தியே, அதுவும் குடும்பப் பெயரின் எழுத்துகள் தவறாக. மூன்றாவது துறைத் தலைவர் துர்பேன். தொடுவானம் கேட்ட இடம் இதுதான்: ஸ்லைடு கைமாறிய அந்த நேரம்.

லெஜென் தரப்பில் இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். 2014 இல் பிரான்சின் மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு ஆவணங்களைப் பார்த்துவிட்டு, கண்டுபிடிப்பில் லெஜெனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்ற கருத்தைத் தெரிவித்தது. கோத்தியே அப்போது உயிரோடுதான் இருந்தார். 2022 இல் காலமானார்.

சிறுதுளி எழுதியது:

ஆலிஸ் பால் பெயரையும் சேருங்கள். தொழுநோய்க்குச் சால்மூக்ரா எண்ணெய் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருந்த மருந்து. ஆனால் குடித்தால் வாந்தி, ஊசியாகப் போட்டால் தோலடியில் கட்டிகட்டியாக நின்றுவிடும். ஹவாயில் வேதியியல் படித்த இந்தக் கறுப்பினப் பெண், எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர் என்ற சேர்மமாக மாற்றி உடல் ஏற்கும்படி செய்தார். 1916 இன் கடைசி நாளில் இறந்துபோனார், வயது 24. வேலையைத் தொடர்ந்த கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் அவர் பெயரைக் குறிப்பிடாமலே முடிவுகளை வெளியிட்டார். 1922 இல் மருத்துவர் ஹாரி ஹோல்மன் தன் கட்டுரையில் 'பால் முறை' என்று அச்சில் எழுதினார். அந்த ஒரு கட்டுரை இல்லாவிட்டால் பிற்காலத்தில் தேடியவர்களுக்குப் பிடிமானமே இருந்திருக்காது.

நிரலாளன் எழுதியது:

என் துறையிலிருந்து ஒன்று. இனியாக் கணினி, 1946 பிப்ரவரி. பத்திரிகையாளர்களுக்கு முன்னால் ஒரு பீரங்கிக் குண்டின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். குண்டு இலக்கை அடைய 30 விநாடி, கணினிக்கு 20 விநாடி. அந்த நிரலை அமைத்தவர்கள் பெட்டி ஸ்னைடரும் பெட்டி ஜென்னிங்ஸும். மொத்தம் ஆறு பெண்கள். மற்றவர்கள் கே மக்நல்டி, மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன்.

நிரல் மொழி என்று எதுவும் கிடையாது. கையேடும் கிடையாது. தொடக்கத்தில் இயந்திரம் இருந்த அறைக்குள் போக இவர்களுக்குப் பாதுகாப்பு அனுமதிகூட இல்லை. வரைபடங்களைப் பார்த்தே ஒவ்வொரு பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்று படித்துக்கொண்டார்கள். அப்புறம் கம்பிகளைச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும் கணக்கை அமைத்தார்கள். 18,000 வால்வுகளில் (வெற்றிடக் குழாய்களில்) எது பழுதானது என்று கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலையாகிப் போனது.

அன்று இரவு கொண்டாட்ட விருந்துக்கு இவர்களை அழைக்கவில்லை. ராணுவம் ஆள்சேர்ப்பு விளம்பரத்துக்கு இனியாக் படத்தைப் பயன்படுத்தியபோது பெண்கள் இருந்த பகுதியை வெட்டிவிட்டுச் சீருடை அணிந்த ஆணை மட்டும் வைத்தார்கள். 1980களில் கேத்தி க்ளைமன் என்ற மாணவி பழைய படங்களில் இருக்கும் இந்தப் பெண்கள் யார் என்று கேட்டபோது, இயந்திரம் அழகாகத் தெரிய நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. தேடிப் போய் அந்தப் பெண்களையே சந்தித்துப் பதிவு செய்தார். அவர்கள் வேலையின் அரசுத் தரநிலை என்ன தெரியுமா? தொழில்முறைக்குக் கீழ்ப்பட்டது. வன்பொருள் செய்தவர் பொறியாளர், அதை ஓட வைத்தவர் எழுத்தர் மாதிரி. அந்த வகைப்பாட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

கருந்துளை எழுதியது:

நிரலாளன், அருமை. நான் முன்பு சொன்னதன் தொடர்ச்சியாக இன்னொன்று. வாழும் காலத்திலேயே தெரியாமல் போனவர்களும், நன்றாகத் தெரிந்திருந்து பிறகு அழிக்கப்பட்டவர்களும் ஒரே கணக்கில் வரக்கூடாது. லீசா மைட்னர் இரண்டாவது வகை. 1938 இல் யூதப் பின்னணியால் ஜெர்மனியை விட்டுத் தப்பிப் போக வேண்டியிருந்தது. அதுவரை அவர் பெர்லினில் பெயர்பெற்ற இயற்பியலாளர். அவர் போன பிறகு அவரோடு ஆய்வு செய்த ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தில் பேரியம் கிடைக்கிறது என்று கண்டார்கள், அது யுரேனியத்தின் அணுக்கரு பிளப்பதால்தான் என்பதை ஸ்வீடனில் இருந்தபடி அவரும் உறவினர் ஃபிரிஷும் விளக்கினார்கள். அவர்கள் கட்டுரை 1939 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. 1944 க்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது.

நோபலை எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச நினைப்பது ஒரு மேசையைப் பற்றி. அந்தச் சோதனைக் கருவிகளை மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியம் பல ஆண்டுகள் காட்சிக்கு வைத்திருந்தது. பெயர்ப் பலகை: ஓட்டோ ஹானின் பணிமேசை. மைட்னர் தொடங்கிய ஆய்வு அது, கருவிகளில் பல அவர் துறையில் உருவானவை. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக் குழந்தைகள் அந்தப் பலகையைத்தானே படித்துவிட்டுப் போயிருப்பார்கள்? விமர்சனம் வந்த பிறகுதான் மாற்றினார்கள்.

தொடுவானம் எழுதியது:

பெயர்ப் பலகையை நான் யோசிக்கவே இல்லை. இதுதான் நான் எதிர்பார்த்த மாதிரியான பதிவு.

இதோடு இந்திய இயற்பியலாளர் பிபா சௌத்ரியையும் வைத்துப் பாருங்கள். 1938 முதல் டி. எம். போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங், சந்தக்பூ போன்ற உயரமான இடங்களில் புகைப்படத் தட்டுகளை வைத்து அண்டக் கதிர்த் துகள்களைத் தேடினார். எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்களை அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இன்னும் நுட்பமாகப் பார்க்கத் தேவைப்பட்ட தட்டுகள் போரின் காரணமாகக் கிடைக்காமல் ஆய்வு அங்கேயே நின்றது. மேம்பட்ட தட்டுகளை வைத்து இதே வழியில் போன செசில் பவல் 1947 இல் பையான் என்ற துகளைக் கண்டார், 1950 இல் நோபல் பெற்றார். போஸும் சௌத்ரியும் முன்பே இந்த முறையைக் கையாண்டதைப் பவல் தன் நூலில் குறிப்பிட்டிருக்கிறார், மறைக்கவில்லை. ஆனால் அடிக்குறிப்பு பாடநூலுக்குப் போய்ச் சேரவில்லை. 2019 இல் ஒரு நட்சத்திரத்துக்குப் பிபா என்று பெயர் வைத்தார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

பின்னால் வந்த பதிப்பாசிரியரே ஆளை மாற்றிவிட்ட கதையும் ஒன்று உண்டு. 12 ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோவில் ட்ரோட்டா என்ற பெண் மருத்துவர் இருந்தார். பெண்களுக்கான மருத்துவத்தைப் பற்றிய, அவர் பெயரோடு சேர்ந்த தொகுப்பு ஐரோப்பா முழுக்கப் பல நூற்றாண்டுகள் படிக்கப்பட்டது. 1566 இல் பாசெலில் அதைப் பதிப்பித்த காஸ்பர் வூல்ஃப், எழுதியவர் ஈரோஸ் என்ற ரோமானிய ஆண் என்று அட்டையை மாற்றினார். அதன்பின் ட்ரோட்டா என்று ஒருவர் இருந்தாரா என்பதே விவாதமாகிப் போனது. 1980களில் மாட்ரிட்டில் இருந்த கையெழுத்துப் பிரதியில் ட்ரோட்டாவின் பெயரோடு வேறொரு மருத்துவ நூல் இருப்பதை ஜான் பென்டன் எடுத்துக் காட்டிய பிறகுதான் அவர் மறுபடி வரலாற்றுக்குள் வந்தார். தொகுப்பு முழுவதும் அவர் எழுதியதல்ல, அதில் ஒரு பகுதிதான் அவரோடு தொடர்புடையது. கருந்துளை கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பறை எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கும் ஆசிரியை நான். 9 ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே ஒரு பெண்ணைப் பற்றி ஒரு பாடவேளை பேசலாம் என்றால் யாரைச் சொல்வீர்கள்? அநீதிக் கதையாக மட்டும் சொன்னால், 'ஐயோ பாவம்' என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர் செய்த வேலை நினைவில் நிற்பதில்லை.

தொடுவானம் எழுதியது:

கடல்தரையை வரைபடமாக்கிய நிலவியலாளர் மேரி தார்ப். தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் அவர் செய்ததை மாணவர்களும் செய்து பார்க்கலாம்.

ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்றாத காலம். உடன் வேலை பார்த்த புரூஸ் ஹீசன் கடலுக்குப் போய் எதிரொலி அளவுகளைக் கொண்டுவருவார், தார்ப் கரையில் மேசையில் உட்கார்ந்து அவற்றை வரைவார். வட அட்லாண்டிக்கின் குறுக்கே ஆறு வெட்டுமுகங்களை வரைந்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தபோது, நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு பள்ளம் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்தது. அப்படியானால் கடல்தரை அங்கே விரிந்து பிளக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்ற பேச்சையே அப்போது பலர் ஏற்கவில்லை. ஹீசன் இதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பக்கத்து மேசையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் கடலடி நிலநடுக்க மையங்களை அதே அளவுகோலில் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு தாள்களையும் ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது நிலநடுக்கப் புள்ளிகள் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்தன. ஹீசன் ஒத்துக்கொண்டார். 1956 இல் ஹீசனும் ஆய்வக இயக்குநர் யூயிங்கும் இதை வெளியிட்ட கட்டுரையில் தார்ப் பெயர் இல்லை. 1957 இல் வந்த வட அட்லாண்டிக் படத்தில் இருக்கிறது. 1977 இல் உலகக் கடல்தரை முழுவதற்கும் அவர்கள் படம் வந்தது.

பெயர் விடுபட்டதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் எண்களைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

வகுப்பறை எழுதியது:

ரொம்ப நன்றி, இது சரியாக வரும். நேராக ஆழ அளவுகளையே கொடுத்துவிடலாமா, அல்லது எதிரொலி நேரத்தைக் கொடுத்துக் கணக்குப் போட வைக்கலாமா?

நிரலாளன் எழுதியது:

நேரத்தைக் கொடுங்கள். கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர். 4 விநாடியில் எதிரொலி திரும்பினால் போக 2, வர 2, ஆக ஆழம் 3,000 மீட்டர். பாதியாக்க மறப்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள், அங்கே கொஞ்சம் நின்று சொல்லிக்கொடுங்கள். ஆறு வரிசை எண்களை ஆறு குழுக்களுக்குத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவும் தன் கோட்டை வரைந்து முடித்த பிறகு ஆறு தாள்களையும் கரும்பலகையில் வரிசையாக ஒட்டுங்கள். பள்ளம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும். தென் அட்லாண்டிக்குக்கும் இதே மாதிரி எண்கள் தயாரித்துத் தருகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுகிறேன்.